பாரணை இல்லாத விரதம்

மாதக்கணக்கில் வாயைக் கட்டியவர்கள், டயட் முடிந்த அன்றே ஃபாஸ்ட் ஃபுட் கடையில் போய் விழுவது ஏன்? மன உறுதியில் ஓட்டையா, உடம்பு போடும் கணக்கா?

மொத்தம் 112 நாள். சோறு கிடையாது, இட்லி கிடையாது, டீயில் சர்க்கரை கிடையாது. காலையில் இரண்டு முட்டை. மதியம் ஒரு கிண்ணம் காயோடு கொஞ்சம் கோழியோ பனீரோ. ராத்திரி சூப். 93 கிலோவில் தொடங்கியவன், ஒரு சனிக்கிழமை காலை எடை மெஷினில் 78.8 என்ற எண்ணைப் பார்த்தேன். 79-க்குக் கீழே வந்துவிட்டால் டயட்டை நிறுத்திக்கொள்ளலாம் என்று எனக்கு நானே வாக்குக் கொடுத்திருந்தேன். அந்த வாக்கைக் காப்பாற்றிய விதம்தான் இந்தக் கட்டுரை.

அன்று சாயங்காலம் வழக்கம்போல மதுரை தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கப் போனேன். வழியில் ஒரு ஃபாஸ்ட் ஃபுட் வண்டி நிற்கும். அந்த 112 நாளும் அதன் அருகே வரும்போது ரோட்டின் எதிர்ப்பக்கத்துக்கு மாறிக்கொள்வேன். அன்று மாறவில்லை.

“என்னண்ணே, ஆளையே காணோம்? பாதி ஆளாயிட்டீங்களே!” என்றார் மாஸ்டர். வாணலியைத் தட்டிக்கொண்டே, “சிக்கன் ரைஸ் ஹாஃபா, ஃபுல்லா?” என்று கேட்டார்.

“ஃபுல்.”

ரைஸ் வருவதற்குள் நூறு கிராம் சிக்கன் 65 வாங்கினேன். ரைஸ் வந்த பிறகு இன்னொரு நூறு. அங்கிருந்து அப்படியே நடந்து அடுத்த தெருவில் ஒரு முட்டைக் கொத்து பரோட்டா. மதுரைக்காரன் அதோடு நிறுத்துவானா? ஒரு ஸ்பெஷல் ஜிகர்தண்டா. கொத்து பரோட்டாவிலேயே பசி போய்விட்டது. ஜிகர்தண்டாவில் ருசியும் போய்விட்டது. ஆனாலும் கிளாஸின் அடியில் கிடந்த கடற்பாசியை ஸ்பூனால் வழித்துக்கொண்டிருந்தேன். “பிள்ளைகளுக்கு” என்று சொல்லி ஒரு ஃப்ரைடு ரைஸ் பார்சலும் கட்டிக்கொண்டேன். பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். ராத்திரி பதினோரு மணிக்கு, மனைவி எழுந்துவிடக் கூடாதே என்று பார்சல் கவரைச் சத்தமில்லாமல் பிரித்து, அடுப்படியில் லைட்டைப் போடாமல் நின்றபடியே பாதியைத் தின்றேன். 46 வயது ஆள், சொந்த வீட்டில், சொந்தக் காசில் வாங்கிய சோற்றைத் திருடித் தின்றது போல.

மறுநாள் ஞாயிறு, பிரியாணி. திங்களன்று மெஷினில் ஏற மனம் வரவில்லை. ஏழு வாரம் கழித்து ஏறினேன். 87.

அலுவலகத்தில் வெட்கத்தோடு இதைச் சொன்னபோது நாலு பேர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். ஒருவர் தங்கை கல்யாணத்துக்காக மூன்று மாதம் பட்டினி கிடந்தவர். ரிசப்ஷன் முடிந்த ராத்திரியே பர்கரும் ஐஸ்கிரீமும் வரவழைத்து விடியும்வரை சாப்பிட்டிருக்கிறார். இன்னொருவர் கீட்டோ முடித்த வாரத்தில் ஒரே நாளில் இரண்டு ஷவர்மா, ஒரு பீட்சா. எல்லோரும் கதையை ஒரே வாக்கியத்தில்தான் முடித்தார்கள்: “நமக்குக் கட்டுப்பாடு இல்ல சார்.”

அந்த வாக்கியம் சரிதானா என்று தேடிப் பார்த்தேன். இது நாலு பேர் கதையோடு நிற்பதும் இல்லை. 2019–21-ல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் வயதுவந்த பெண்களில் 40.4 சதவீதம் பேரும் ஆண்களில் 37 சதவீதம் பேரும் அளவுக்கு மீறிய எடையோடு இருந்தார்கள். வீட்டுக்கு ஒருவராவது ஏதோ ஒரு டயட்டைத் தொடங்கியவராகவோ, முடித்தவராகவோ, பாதியில் விட்டவராகவோ இருப்பார். டயட்டைத் தொடங்கச் சொல்லித்தர ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. முடிக்கச் சொல்லித்தர யாரையும் காணவில்லை.

ஸ்டேடியத்துக்கு அடியில் 36 பேர்

இந்தக் கேள்விக்கான முதல் பெரிய பதில், இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது அமெரிக்காவில் கிடைத்தது. ஐரோப்பாவில் லட்சக்கணக்கானோர் பட்டினியில் கிடந்தார்கள். போர் முடிந்ததும் அவர்களுக்குச் சாப்பாடு கொடுத்தாக வேண்டும். எதை, எவ்வளவு, எந்த வேகத்தில் கொடுப்பது? மருத்துவர்களுக்குத் தெரியவில்லை. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் அதைச் சோதித்துப் பார்க்க முடிவுசெய்தார். போரில் துப்பாக்கி ஏந்த மனசாட்சி இடம் தராது என்று மறுத்த இளைஞர்களில் 36 பேர் தாமாக முன்வந்தார்கள். 1944 நவம்பரில் பல்கலைக்கழக ஃபுட்பால் ஸ்டேடியத்துக்கு அடியில் இருந்த ஆய்வுக்கூடத்தில் சோதனை தொடங்கியது.

முதல் 12 வாரம் வழக்கமான சாப்பாடு. அடுத்த 24 வாரம் அரைப் பட்டினி. உருளைக்கிழங்கு, டர்னிப், ரொட்டி, மக்ரோனி என்று ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1,570 கலோரி. வாரத்துக்கு 22 மைல் நடை. உடல் எடையில் சுமார் கால் பங்கு கரைந்தது.

கவனியுங்கள்: 1,570 கலோரி. இன்று செல்போனில் பரவும் டயட் பட்டியல்களில் பல இதைவிடக் குறைவாகத்தான் சாப்பிடச் சொல்கின்றன.

பட்டினியில் இருந்தவர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போனது. சமையல் புத்தகங்களைச் சேகரித்தார்கள். தட்டை நக்கினார்கள். ஒரு வேளைச் சாப்பாட்டை மணிக்கணக்கில் இழுத்துச் சாப்பிட்டார்கள். சூயிங் கம் மென்று தீர்த்தார்கள். நான் என் 112 நாளில் ராத்திரி படுக்கையில் கறிக்கடை வீடியோக்களாகப் பார்த்துக் கிடந்தது நினைவுக்கு வந்தது.

நமக்கு வேண்டிய பாடம் அதற்குப் பிறகுதான் வருகிறது. பட்டினி முடிந்ததும் அடுத்த 12 வாரம் அளந்து அளந்து சாப்பாடு கூட்டினார்கள். அதன் பிறகு 12 பேர் மேலும் எட்டு வாரம் தங்கினார்கள். அவர்களுக்குத் தடை நீக்கப்பட்டது, இஷ்டம்போல் சாப்பிடலாம். சிலர் ஒரே நாளில் 11,500 கலோரிவரை உள்ளே தள்ளினார்கள். வயிறு நிரம்பி வலித்தாலும் பசி அடங்கவில்லை என்றார்கள். அளவுமீறித் தின்ற ஒருவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோய் வயிற்றைக் கழுவ வேண்டியிருந்தது.

இவர்கள் யார்? ஊர் திட்டினாலும் போருக்குப் போக மாட்டேன் என்று கொள்கைக்காக நின்றவர்கள். கட்டுப்பாடு இல்லாதவர்கள் என்று இவர்களைச் சொல்ல யாருக்கும் வாய் வராது. கீஸும் அவர் குழுவும் 1950-ல் இரண்டு பெரிய தொகுதிகளாக வெளியிட்ட ஆய்வில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. எடை திரும்பியபோது கொழுப்பு முந்திக்கொண்டு, மெலிவதற்கு முன்பு இருந்ததையும் தாண்டியது. தசை பின்தங்கியே வந்தது. இந்தக் கணக்கைப் பிற்காலத்தில் மறுபடி ஆராய்ந்தவர்கள், இழந்த தசை திரும்பும்வரை உடம்பு பசியைக் குறைக்கவில்லை என்று கண்டார்கள்.

உள்ளே ஒரு கணக்குப்பிள்ளை

அந்தப் பசியை ஆட்டிவைப்பது எது என்பது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் துலங்கியது. 1994-ல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு லெப்டின் என்ற ஹார்மோனைக் கண்டறிந்தது. கொழுப்புத் திசு இதைச் சுரக்கிறது. “கிட்டங்கியில் சரக்கு இருக்கிறது, கவலை வேண்டாம்” என்று மூளைக்குத் தகவல் சொல்லும் வேலை அதற்கு. கொழுப்பு கரையக் கரைய லெப்டினும் குறைகிறது. மூளைக்குப் போகும் தகவல் மாறுகிறது: சரக்கு தீர்கிறது, தேடு. 1999-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கிரெலினைக் கண்டார்கள். இது வயிறு அனுப்பும் பசி மணி. டயட்டில் இருப்பவருக்கு இந்த மணி ஓங்கி அடிக்கிறது.

சரி, டயட் முடிந்தால் மணி ஓயுமா? 2011-ல் வெளியான மெல்பர்ன் ஆய்வு அதற்குப் பதில் சொன்னது. 50 பேர் பத்து வாரக் கடுமையான டயட்டில் சேர்ந்தார்கள். அதை முடித்தவர்கள் சராசரியாக 13.5 கிலோ குறைத்தார்கள். ஓராண்டு கழித்து ரத்தத்தைச் சோதித்தபோது, பசியைக் கூட்டும் ஹார்மோன்களும் குறைக்கும் ஹார்மோன்களும் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கவில்லை. பசி, டயட்டுக்கு முன்பிருந்ததைவிட இன்னும் அதிகமாகவே இருந்தது. நாம் டயட்டை மறந்து ஒரு வருஷம் ஆகியிருக்கும், உடம்பு மறப்பதில்லை.

செலவுக் கணக்கும் மாறுகிறது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் ‘தி பிக்கஸ்ட் லூஸர்’ என்று ஓர் எடைக் குறைப்புப் போட்டி. அதில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டு கழித்துப் பரிசோதித்து, முடிவை 2016-ல் வெளியிட்டார்கள். போட்டியில் சராசரியாக 58 கிலோ குறைத்தவர்கள், 41 கிலோவைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போது அவர்கள் உடம்பு எரிக்க வேண்டிய அளவைவிட நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 கலோரி குறைவாகவே எரித்தது. வரும்படி குறைந்த வீட்டில் செலவைச் சுருக்கும் கணக்குப்பிள்ளை, வரும்படி திரும்பிய பிறகும் பூட்டைத் திறக்கவில்லை.

ஊசி போட்டு இளைத்தவர்களுக்கும் இதே கதைதான். செமாக்ளூடைட் ஊசியை நிறுத்தியவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 2022-ல் வந்தது. குறைத்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டுக்குள் திரும்பிவிட்டது. எப்படி இளைத்தோம் என்பதைப் பற்றி கணக்குப்பிள்ளைக்குக் கவலை இல்லை. இழந்தது எவ்வளவு என்பதை மட்டும் குறித்துவைத்திருக்கிறார்.

நனைந்த பிறகு முக்காடு எதற்கு?

உடம்பு பசியைக் கூட்டும், சரி. ஒரு ஹாஃப் ஃப்ரைடு ரைஸோடு ஏன் நிற்கவில்லை? அதற்குக் காரணம் மனம்.

1975-ல் அமெரிக்காவில் கல்லூரிப் பெண்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. ருசிப் பரிசோதனை என்று சொல்லிக் கூப்பிட்டு, சிலருக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்தார்கள். பிறகு ஐஸ்கிரீமை வைத்து, வேண்டிய மட்டும் சாப்பிடச் சொன்னார்கள். சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்கள், மில்க் ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைவாகச் சாப்பிட்டார்கள். வயிறு நிறைந்திருக்கிறதே! எப்போதும் சாப்பாட்டைக் கட்டுப்படுத்துகிறவர்கள் தலைகீழ். மில்க் ஷேக் குடித்த பிறகுதான் அதிகமாகச் சாப்பிட்டார்கள். ‘விரதம் உடைந்துவிட்டது, இனி எவ்வளவு தின்றால் என்ன?’ என்ற நினைப்பு.

பீட்டர் ஹெர்மன், ஜேனட் பொலிவி என்ற இரு உளவியலாளர்கள் பின்னால் இதற்கு ஒரு வேடிக்கையான பெயரும் வைத்தார்கள். நமக்கு அந்தப் பெயர் வேண்டாம், பழமொழியே இருக்கிறது: நனைந்த பிறகு முக்காடு எதற்கு?

என் சனிக்கிழமையைத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். முதல் நூறு கிராம் சிக்கன் 65 பசிக்கு. கொத்து பரோட்டாவும் ஜிகர்தண்டாவும் அப்படி இல்லை. ‘இன்னைக்கு ஒரு நாள்தானே, திங்கள்கிழமையிலிருந்து மறுபடி கட்டிடலாம்’ என்று மனம் போட்ட திட்டத்தின் பேரில் உள்ளே போனவை. திங்களிலிருந்து கிடைக்காது என்ற பயம்தான் ஞாயிற்றுக்கிழமை பிரியாணியை இரண்டு தட்டாக்கியது. வரப்போகும் பட்டினிக்கு முன்கூட்டியே அள்ளிக்கொள்கிறோம்.

எதை முழுசாகத் தடுத்துவைத்தோமோ அது பூதாகரமாகிவிடுகிறது. 112 நாளும் ஃப்ரைடு ரைஸ் ‘தப்பான சாப்பாடு’. தப்பு என்று முத்திரை குத்திய பொருளை யாரும் நிதானமாக, ரசித்துத் தின்பதில்லை. அவசரமாக, ஒளிந்து, லைட்டைப் போடாமல்தான் தின்கிறார்கள்.

வாணலிக்குள் என்ன நடக்கிறது?

பின்னொரு நாள் அந்த வண்டியின் பக்கத்தில் நின்று, சாப்பிடாமல் வெறுமனே பார்த்தேன். தீ வாணலியின் விளிம்பைத் தாண்டி எழுகிறது. ஒரு கரண்டி எண்ணெய். எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி என்றாலே ஏறத்தாழ 120 கலோரி. மாஸ்டரின் கரண்டி அதைவிடப் பெரிது. முட்டை, கோஸ், கேரட், ஏற்கெனவே வடித்து ஆறவைத்த சோறு. ஒரு சிட்டிகை உப்பு, ஒரு சிட்டிகை அஜினமோட்டோ, மிளகுத்தூள், சோயா சாஸ், பச்சை மிளகாய் சாஸ். டங் டங்கென்று கரண்டி வாணலியில் தட்டும் ஓசை. மூன்று நிமிடத்தில் தட்டில் வந்து விழுகிறது. தட்டின் மேல் ஒரு பாலிதீன் தாள், ஓரத்தில் தக்காளி சாஸ்.

ஆர்டர் கொடுத்து வாய்க்கு வருவதற்கு மூன்று நிமிடம். தின்று முடிக்க ஏழெட்டு நிமிடம். வயிறு நிறைந்தது என்ற சேதி மூளைக்கு முழுசாகப் போய்ச் சேர ஏறக்குறைய இருபது நிமிடம் ஆகும் என்கிறார்கள் மருத்துவர்கள். சேதி வருவதற்குள் நான் கொத்து பரோட்டா கடைக்குப் போய்விட்டிருந்தேன். எண்ணெய், மாவுச்சத்து, உப்பு மூன்றும் ஒன்றாகச் சேரும், மெல்லவும் அதிகம் வேண்டாத இந்தச் சாப்பாட்டில் நார்ச்சத்தும் குறைவு. உள்ளே போவது தெரியாமல் போகும்.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு 20 பேரை ஆய்வுக்கூடத்திலேயே தங்கவைத்தது. இரண்டு வாரம் ஆலைகளில் மிகையாகப் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் அப்படிப் பதப்படுத்தாத உணவு. இரண்டிலும் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து, உப்பு எல்லாம் சமமாகவே பரிமாறப்பட்டன. வேண்டியதைச் சாப்பிடலாம், போதும் என்றால் எழுந்துவிடலாம். 2019-ல் முடிவு வந்தது. பதப்படுத்திய உணவு நாட்களில் ஒவ்வொருவரும் சராசரியாக 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், வேகமாகவும் சாப்பிட்டார்கள், இரண்டே வாரத்தில் 0.9 கிலோ கூடினார்கள். இவர்கள் டயட் முடித்துப் பசியோடு வந்தவர்கள் அல்ல, சாதாரண மனிதர்கள். லெப்டின் குறைந்து, கிரெலின் ஓங்கி நிற்கும் ஆளை அந்தச் சாப்பாட்டின் முன்னால் உட்காரவைத்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தனி ஆய்வு வேண்டியதில்லை.

அந்தச் சாப்பாடு இப்போது கைக்கெட்டும் தூரத்தில் வேறு இருக்கிறது. கே.எஃப்.சி. இந்தியாவுக்கு 1995-லும் மெக்டொனால்ட்ஸ் 1996-லும் வந்தன. அப்போது அதைத் தேடி நாம் போக வேண்டும். இப்போது ராத்திரி பதினொன்றரைக்கும் வாசலில் பைக் வந்து நிற்கிறது. மனம் மாறுவதற்கு இருந்த அரை மணி நேர நடையும் போய்விட்டது.

மெஷின் சொல்லும் பொய்

தின்ற மறுநாள் காலை பலர் செய்யும் தப்பு, எடை மெஷினில் ஏறுவது. இரண்டு கிலோ கூடியிருக்கும். ‘ஒரு ராத்திரியில் எல்லாம் போச்சு’ என்ற விரக்தியில் அன்றும் தின்பார்கள், அல்லது அன்று முழுக்கப் பட்டினி கிடப்பார்கள். இரண்டும் அடுத்த தீனிக்குத்தான் வழி.

கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோ உடல் கொழுப்பு என்பது ஏறத்தாழ 7,700 கலோரி. ஒரு ராத்திரியில் தேவைக்கு மேல் 3,000 கலோரி தின்றிருந்தாலும் கொழுப்பாகச் சேர்வது 400 கிராமைத் தாண்டாது. மீதி எடை எங்கிருந்து வந்தது? டயட்டில் ஈரலிலும் தசையிலும் காலியாகிக் கிடந்த கிளைகோஜன் என்ற மாவுச்சத்து இருப்பு, சோறும் பரோட்டாவும் வந்ததும் நிரம்புகிறது. ஒரு கிராம் கிளைகோஜன் தன்னோடு சுமார் மூன்று கிராம் தண்ணீரையும் பிடித்துவைக்கிறது. சாஸிலும் அஜினமோட்டோவிலும் உள்ள சோடியம் இன்னும் கொஞ்சம் தண்ணீரைத் தேக்குகிறது. அது போக, தின்றதே இன்னும் குடலில் கிடக்கிறது. மெஷினில் தெரியும் இரண்டு கிலோவில் பெரும்பகுதி தண்ணீர். வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் நாலைந்து நாளில் இறங்கிவிடும். ஆகவே ஒரு ராத்திரி யாரையும் குண்டாக்கிவிடாது. அந்த ராத்திரியைத் தொடர்ந்து வரும் ஏழு வாரம்தான் ஆக்கும். என்னை ஆக்கியது.

எடைக்கு ஆபத்து இல்லை என்பதற்காக உடம்புக்கும் ஆபத்து இல்லை என்று அர்த்தமில்லை. வேகமாக எடை குறைப்பவர்களுக்குப் பித்தப்பையில் கல் உருவாகும் வாய்ப்பு கூடுகிறது. அந்த நிலையில் எண்ணெய் மிதக்கும் சாப்பாடு உள்ளே போனால் வலது விலாவுக்குக் கீழே சுருண்டு விழும் அளவுக்கு வலி வரலாம். நெஞ்செரிச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு எல்லாம் வாடிக்கை. இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி என்று 2023-ல் வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொன்னது. மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டயட்டில் இருக்கும்போதும் சரி, முடிக்கும்போதும் சரி, மருந்தின் அளவை மருத்துவரைக் கேட்டே மாற்ற வேண்டும். ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு அந்த உப்பு ஒரே ராத்திரியில் வேலையைக் காட்டும். பல நாள் ஏறக்குறைய எதுவுமே சாப்பிடாமல் கிடந்தவர்கள் திடீரென்று நிறையச் சாப்பிட்டால், ரத்தத்தில் பாஸ்பேட் போன்ற தாதுக்கள் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அப்படிக் கடும் பட்டினி இருந்தவர்கள் மருத்துவக் கண்காணிப்பில்தான் சாப்பாட்டுக்குத் திரும்ப வேண்டும்.

இன்னொன்று. மூன்று மாதமாக வாரத்துக்கு ஒரு முறையாவது, நிறுத்த முடியாமல், ஒளிந்து, அளவுமீறித் தின்று, பிறகு தன்மேலேயே அருவருப்பு அடைகிறீர்கள் என்றால், அது பெருந்தீனிக் கோளாறாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. இன்னொரு டயட் அதற்கு மருந்தாகாது. மனநல மருத்துவரைப் பாருங்கள்.

அம்மா கேட்ட கேள்வி

இத்தனை ஆய்வுகளையும் படித்துவிட்டு ஊருக்குப் போனபோது, அம்மாவிடம் என் கதையைச் சொன்னேன். அவர் வருஷம் தவறாமல் வைகுண்ட ஏகாதசி இருப்பவர். முழுசாகக் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டார்: “விரதம் இருந்தா மட்டும் போதுமாடா? பாரணை பண்ண வேணாமா?”

ஏகாதசி விரதம் பெயருக்குத்தான் ஒரு நாள். முதல் நாள் தசமியில் ஒரே வேளைச் சாப்பாடு. ஏகாதசி உபவாசம். மறுநாள் துவாதசியில் பாரணை, அதாவது விரதத்தை முடிக்கும் சாப்பாடு. எந்த நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று பஞ்சாங்கம் சொல்லும். அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் இருக்க வேண்டும். பட்டினிக்குள் இறங்க ஒரு படி, ஏற ஒரு படி. பாரணையைக் கெடுத்தால் விரதமே கெட்டது என்பது அம்மாவின் கட்சி.

அதன் பிறகு எங்கு பார்த்தாலும் பாரணைதான் கண்ணில் பட்டது. ரமலானில் நாள் முழுக்க நோன்பிருந்தவர்கள் திறப்பது பேரீச்சம்பழத்திலும் நோன்புக் கஞ்சியிலும். அந்தக் கஞ்சிக்காகப் பள்ளிவாசல்களுக்குத் தமிழக அரசே பச்சரிசி கொடுக்கிறது. வெறும் வயிற்றுக்கு, சூடாக, தண்ணீராக, மெதுவாகக் குடிக்க வேண்டிய ஒன்று. உண்ணாவிரதப் பந்தலில் தலைவர் பழச்சாறு கொடுத்து முடித்துவைக்கும் போட்டோவைப் பார்க்காத தமிழர் உண்டா? 1932 செப்டம்பரில் எரவாடா சிறையில் காந்தி தன் உண்ணாவிரதத்தை முடித்ததும் ஆரஞ்சுச் சாற்றில்தான். எந்தப் போராட்டப் பந்தலிலும் விரதத்தைப் பிரியாணி கொடுத்து முடித்ததாகச் செய்தி வந்ததில்லை.

நம் ஆட்கள் எல்லா இடத்திலும் ஒழுங்கு என்று சொல்ல வரவில்லை. புரட்டாசி முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை சென்னை காசிமேட்டு மீன் சந்தைக்கோ, உங்கள் ஊர்க் கறிக்கடைக்கோ போய்ப் பாருங்கள். ஒரு மாதம் பெருமாளுக்காக வாயைக் கட்டிய ஊர் மொத்தமும் அங்கே நிற்கும். சபரிமலைக்கு 41 நாள் மாலை போட்டு இறங்கியவர்களில், மாலையைக் கழற்றிய கையோடு அசைவக் கடையில் உட்காருகிறவர்களும் உண்டு. ஆனால் அங்கே ஒரு வித்தியாசம். புரட்டாசியில் யாரும் பட்டினி கிடக்கவில்லை. சாம்பார், ரசம், பொரியல் என்று மூன்று வேளையும் சாப்பிட்டவர்கள். கறி மட்டும்தான் இல்லை. ஆகவே அந்த ஞாயிறு ஒரு திருநாள் போல வந்து போகிறது. திங்கட்கிழமை வழக்கமான சாப்பாடு காத்திருக்கிறது.

டயட் முடித்தவனுக்கு அந்தத் திங்கட்கிழமை இல்லை. ஒரு பக்கம் பட்டினி, மறுபக்கம் ஃபுல் ஃப்ரைடு ரைஸ், நடுவில் வீட்டுச் சாப்பாடு என்ற ஒன்றே இல்லாமல் போய்விட்டது. என் டயட் பட்டியலில் முதல் நாள் காலை ஆறு மணிக்கு என்ன குடிக்க வேண்டும் என்பதுவரை இருந்தது. 113-வது நாள் என்ன சாப்பிட வேண்டும் என்று ஒரு வரி இல்லை.

பாரணைப் பட்டியல்

சோற்றைப் படிப்படியாகச் சேருங்கள். டயட் முடிந்த முதல் வாரம் மதியம் ஒரு கரண்டிச் சோறு, அல்லது காலையில் இரண்டு இட்லி. அடுத்த வாரம் இன்னொரு வேளை. ஒரு மாதத்தில் வழக்கமான வீட்டுச் சாப்பாடு, பழைய அளவில் முக்கால்வாசி.

பருப்பும் முட்டையும் குறைய வேண்டாம். இழந்த தசை திரும்ப வேண்டும். சுண்டல், பயறு, மீன், தயிர் தொடரட்டும். எடை தூக்கும் பயிற்சியோ, வீட்டிலேயே தண்டால், உக்கியோ வாரத்துக்கு இரண்டு நாள் செய்யுங்கள்.

ஆசைப்பட்டதை முடிவு நாளுக்காகச் சேர்த்துவைக்காதீர்கள். டயட் நடக்கும்போதே இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஒரு தோசையோ, பாதி பரோட்டாவோ சாப்பிட்டு வந்தால் அது பூதாகரமாகாது.

கடைக்குப் பசியோடு போகாதீர்கள். போவதற்கு ஒரு மணி நேரம் முன்பு ஒரு கிண்ணம் சுண்டலோ, மோரும் ஒரு வாழைப்பழமும். பிறகு போய் ஒரு ஐட்டம், ஹாஃப், உட்கார்ந்து, கூட ஒருவரோடு சாப்பிடுங்கள். பார்சல் வேண்டாம்.

மீறித் தின்றுவிட்டீர்களா? மறுநாள் பட்டினி கிடக்காதீர்கள். வழக்கமான காலைச் சாப்பாட்டைச் சாப்பிடுங்கள். நிறையத் தண்ணீர், அரை மணி நேர நடை. எடை மெஷினை ஒரு வாரம் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுங்கள்.

மன்னிப்புத் தேவையில்லை

இதை எழுதும்போது என் எடை 83. 78.8-க்குத் திரும்பப் போகும் திட்டம் இல்லை. அந்த எண்ணில் நிற்க நான் வாழ்நாள் முழுக்கப் பசியோடு இருக்க வேண்டும் என்பது இப்போது தெரிகிறது. மதியம் தட்டில் சோறு இருக்கிறது. ராத்திரி இரண்டு தோசை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை தெப்பக்குளத்து வண்டிக்குப் போகிறேன். போன முறை மாஸ்டர், “ஃபுல்லுதானே?” என்றார். “ஹாஃப் போதும், பையனும் வந்திருக்கான்” என்றேன். அவனும் நானும் ஒரே தட்டில் சாப்பிட்டோம். ருசி கடைசி வாய்வரை இருந்தது.

“நமக்குக் கட்டுப்பாடு இல்ல சார்” என்று சொன்ன அந்த நாலு பேருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: இருந்தது. மூன்று மாதம், நாலு மாதம் பசியை அடக்கியவர்களிடம் இல்லாத கட்டுப்பாடு வேறு யாரிடம் இருக்கப் போகிறது? குறை, முடிக்கத் தெரியாத அந்தப் பட்டியலில் இருந்தது.

அடுத்த டயட்டைத் தொடங்க நினைப்பவர்கள், நோட்டின் முதல் பக்கத்தில் முதல் நாள் சாப்பாட்டை எழுதாதீர்கள். டயட் முடிந்த மறுநாள் என்ன சாப்பிடுவீர்கள், அடுத்த மாதம் என்ன சாப்பிடுவீர்கள் என்பதை எழுதுங்கள். அந்தப் பக்கத்தை நிரப்ப முடியாத டயட்டைத் தொடங்கவே வேண்டாம்.